காருக்கு லைட் வெயிட் ஃப்ளைவீல் மாட்டலாமா? ஒரு பழைய வாத்தியாரின் கருத்து



கடந்த இரண்டு மாதத்தில் நம் பிள்ளைகள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "சார், காருக்கு லைட் வெயிட் ஃப்ளைவீல் மாட்டலாம்னு இருக்கேன். பிக்கப் பிய்ச்சுக்கிட்டுப் போகும்னு சொல்றாங்க. மாட்டவா, கம்பெனியில் வந்ததையே விட்டுரவா?" ஒருவர் கோவையில் இருக்கிறார். இன்னொருவர் ஓசூரில். மூன்றாவது ஆள் என் தங்கை மகன். தனித்தனியாகப் பேசுவதைவிட எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். பதிவு நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்கும் ஊருக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஓடுகிற குடும்பக் காருக்குக் கம்பெனி ஃப்ளைவீல்தான் சரி. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே தனியாக ஒரு வண்டி வைத்திருப்பவர் எடை குறைந்ததை மாட்டட்டும், அதில் நியாயம் இருக்கிறது. இருக்கிற ஃப்ளைவீலை லேத் பட்டறையில் கொடுத்துச் சீவி எடையைக் குறைப்பது மட்டும் எந்த வண்டிக்கும் கூடவே கூடாது.

நான் மெக்கானிக் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்துவிட்டு எட்டாம் வகுப்பு வரைக்கும் அறிவியலும் கணக்கும் நடத்தியவன். ஆனால் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் நம் பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருக்கிறது.

ஃப்ளைவீல் என்ன வேலை செய்கிறது?

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையால் சுற்றுகிற கரும்புச்சாறு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் பெரிய இரும்புச் சக்கரம் ஒன்று இருக்கும். கரும்பின் கணு உள்ளே போகும்போது மெஷின் திணறும். அந்த நேரத்தில் இழுத்துக் கொடுப்பது ஆளின் கை மட்டும் இல்லை. ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரத்தின் கனமும்தான். குயவர் சக்கரமும் இதே தத்துவம்தான். கம்பால் நாலு சுற்று சுற்றிவிட்டால் ஒரு பானை வனைந்து முடிக்கிற வரை அது சுழலும். சக்கரம் லேசாக இருந்தால் பாதிப் பானையிலேயே நின்றுபோகும்.

நம் ஊர்த் தோட்டக் கிணறுகளில் இருபுறமும் பெரிய சக்கரம் வைத்த ஆயில் இன்ஜின் ஓடியதை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதை ஸ்டார்ட் செய்யும் முறையை நினைத்துப் பாருங்கள். லீவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலை வேகமாகச் சுற்றுவார்கள். சக்கரம் நல்ல வேகம் எடுத்ததும் லீவரை விடுவார்கள். சிலிண்டருக்குள் காற்று அமுங்குகிற அந்த முரட்டுத் தடையை மனிதக் கையால் தாண்ட முடியாது. சக்கரத்தில் சேர்ந்திருந்த ஆற்றல்தான் தாண்டவைத்தது. அதன் பிறகு டுப்... டுப்... டுப்...

நான்கு வீச்சு இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் உதைக்கும். மற்ற மூன்று வீச்சும் செலவுதான். ஒரு நாள் சம்பளத்தில் நாலு நாள் குடும்பம் நடத்துகிற மாதிரி. கிடைத்ததைச் சேர்த்துவைத்து இல்லாத நேரத்தில் எடுத்துக் கொடுக்க ஓர் உண்டியல் வேண்டும். ஃப்ளைவீல்தான் அந்த உண்டியல். காரில் நான்கு சிலிண்டர் இருப்பதால் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஓர் உதை கிடைக்கிறது. அதனால் ஆயில் இன்ஜின் அளவுக்குப் பெரிய உண்டியல் தேவையில்லை. ஆனாலும் உண்டியல் இல்லாமல் முடியாது.

காரில் அதற்கு வேறு வேலைகளும் உண்டு. கிளட்ச் பிளேட் உரசிப் பிடிப்பது இதன் முகத்தில்தான். செல்ஃப் மோட்டாரின் பல் கடிப்பது இதன் விளிம்பில் இருக்கும் ரிங் கியரில்தான். சில வண்டிகளில் இன்ஜின் எந்த நிலையில் இருக்கிறது என்று சென்சார் பார்த்துச் சொல்வதும் இதை வைத்துத்தான். ஆகவே இது சும்மா கிடக்கிற இரும்புத் தட்டு இல்லை.

இப்போது கணக்கு

லைட் வெயிட் வேண்டும் என்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சுழலும் பொருளில் எடை மட்டும் முக்கியமில்லை, அந்த எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். அதுவும் தூரத்தின் வர்க்கமாகப் பெருகும். விளிம்பில் இருக்கும் 1 கிலோ, பாதி ஆரத்தில் இருக்கும் 4 கிலோவுக்குச் சமம். இதைத்தான் பதினோராம் வகுப்பு இயற்பியலில் நிலைமத் திருப்புத்திறன் என்கிறார்கள்.

கணக்குக்காக, 13 செ.மீ. ஆரமுள்ள சீரான தட்டு என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி ஃப்ளைவீல் 7 கிலோ, லைட் வெயிட் 4 கிலோ. முதல் கியரில் இன்ஜின் 14 சுற்று சுற்றினால் டயர் 1 சுற்று சுற்றும். ஐந்தாம் கியரில் 3.2 சுற்றுக்கு 1 சுற்று. டயரின் ஆரம் 28 செ.மீ.

இதை வைத்துக் கணக்கிட்டால், முதல் கியரில் வேகம் எடுக்கும்போது அந்த 3 கிலோவைக் குறைத்தது காரிலிருந்து சுமார் 66 கிலோவை இறக்கிவைத்ததற்குச் சமம். அதாவது ஓர் ஆளை இறக்கிவிட்ட மாதிரி! பையன்கள் "சும்மா பறக்குது சார்" என்று சொல்வது இதைத்தான். பொய் இல்லை.

ஆனால் ஐந்தாம் கியரில் அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். வெறும் 6 கிலோ சொச்சம். ஒரு சின்ன அரிசிப் பை. 1000 கிலோ வண்டியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. கியர் விகிதத்தின் வர்க்கமாகப் பலன் கூடுவதால் முதல் கியரில் ஆளாகத் தெரிந்தது கடைசிக் கியரில் பையாகிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதெல்லாம் வேகம் மாறும்போது மட்டும்தான். மதுரை–தூத்துக்குடி நான்கு வழிச்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் ஒரே சீராகப் போகிறீர்கள் என்றால், ஃப்ளைவீல் 7 கிலோவா 4 கிலோவா என்பது காருக்குத் தெரியவே தெரியாது. இன்ஜினின் குதிரைத்திறன் ஒரு துளியும் கூடாது. "பவர் ஏறும்" என்று யாராவது சொன்னால், அவர் விற்பவர் என்று புரிந்துகொள்ளுங்கள். ஏறுவது பவர் இல்லை, இன்ஜின் சுற்று ஏறி இறங்குகிற சுறுசுறுப்பு.

இழப்பது என்ன?

அதே 7 கிலோ தட்டு நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓடும்போது அதில் சுமார் 730 ஜூல் ஆற்றல் இருக்கிறது. 1000 கிலோ காரை நின்ற இடத்திலிருந்து 5 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர சுமார் 965 ஜூல் வேண்டும். கிளட்சை விடும் அந்த முதல் நொடியில் காரை நகர்த்துவதில் ஃப்ளைவீலின் உண்டியலுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது பாருங்கள். சேமிப்பு முழுவதையும் எடுக்க முடியாது, எடுத்தால் இன்ஜின் நின்றுவிடும். ஆனாலும் கணிசமாக உதவும். 4 கிலோ தட்டில் இதே வேகத்தில் இருப்பது 420 ஜூல் அளவுதான்.

அப்படியானால் என்ன ஆகும்? கிளட்சைக் கொஞ்சம் அவசரமாக விட்டாலும் வண்டி ஆஃப் ஆகும். ஆஃப் ஆகாமல் இருக்க ரேஸ் கூடுதலாகக் கொடுத்துக் கிளட்சை அதிகம் உரசவிட வேண்டும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும். ஐடிலிங்கில் நடுக்கம் தெரியும். ஏ.சி. கம்ப்ரசர் பிடிக்கும் நொடியில் இன்ஜின் ஒரு குலுக்கு குலுக்கும். நம் கரிசல் வெக்கையில் மாசி முதல் ஆவணி வரை ஏ.சி. போடாமல் யார் கார் ஓட்டுகிறீர்கள்?

புது வண்டிகளில் வேறொரு சிக்கலும் உண்டு. 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் கார்கள் பி.எஸ்.6 விதிப்படி வந்தவை. சிலிண்டர் சரியாக எரிகிறதா என்று இன்ஜினின் கம்ப்யூட்டர் பார்ப்பது பெரும்பாலும் கிராங்க் ஷாஃப்டின் வேகத்தில் வரும் சின்னச் சின்ன ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான். ஃப்ளைவீல் லேசானால் அந்த ஏற்ற இறக்கம் கூடும். எந்தக் கோளாறும் இல்லாமலே செக் இன்ஜின் விளக்கு எரிய வாய்ப்பு இருக்கிறது. பிறகு அந்த விளக்கை அணைக்க ஊர் ஊராக அலைய வேண்டியதுதான்.

டீசல் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள். டீசலில் அமுக்கம் அதிகம், அதனால் உதையும் முரடு. பல டீசல் கார்களில் ஃப்ளைவீல் இரண்டு துண்டாக இருக்கும், நடுவே ஸ்பிரிங். டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்பார்கள். அந்த முரட்டு உதை கியர் பாக்ஸுக்குப் போகாமல் உள்ளேயே வாங்கிக்கொள்வதற்காகச் செய்தது. அதைக் கழற்றிவிட்டு ஒற்றைத் தட்டை மாட்டினால் ஸ்பிரிங் வாங்கிய உதையைக் கியர் பாக்ஸ் வாங்கும். கடகடவென்று சத்தம் வரும், பிறகு செலவு வரும்.

ரேஸ்காரர்களுக்கு மட்டும் ஏன் சரி?

நம் தமிழ்நாடு இந்த விஷயத்தில் பின்தங்கிய மாநிலம் இல்லை. சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலம் உண்டு. பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தனி டிராக்கே வந்தது. கோவையைச் சேர்ந்த கரிவரதன், மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ரேஸ் காரை உருவாக்கினார். சாதாரண வீட்டுப் பிள்ளைகளும் ரேஸ் ஓட்டலாம் என்ற நிலை அதனால் வந்தது. 1995இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது. கோவை நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2005இல் ஃபார்முலா ஒன் வரை போனார். இந்தியாவிலிருந்து அங்கே போன முதல் ஆள்.

அந்த டிராக்கில் என்ன நடக்கிறது? ஒவ்வொரு வளைவுக்கும் கியர் குறைப்பு, வளைவு முடிந்ததும் முழு ரேஸ், மறுபடி கியர். இன்ஜின் சுற்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. சீரான வேகம் என்ற ஒன்றே இல்லை. அங்கே நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மதிப்பு உண்டு. ஐடிலிங் நடுங்கினால் யாருக்குக் கவலை? ஃபார்முலா ஒன் காரில் ஃப்ளைவீல் என்று சொல்லும்படி பெரிதாக எதுவும் கிடையாது. அதனால்தான் உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கும் புறப்படும் இடத்தில் கார் ஆஃப் ஆகிப்போவதைப் பார்க்கிறோம்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம் கையிலேயே இருக்கிறது. சென்னை திருவொற்றியூரில் பல ஆண்டுகள் தயாரான பழைய புல்லட். ஒற்றைச் சிலிண்டர், உள்ளே கனமான ஃப்ளைவீல். நிதானமாக நின்று துடிக்கும். மெதுவாகப் போனாலும் இழுக்கும். அதன் மீது ஊருக்கே ஓர் ஆசை. "வெயிட்டான சக்கரம் மட்டமான சக்கரம்" என்றால் புல்லட்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்!

1953இல் சுவிட்சர்லாந்தின் இவெர்டன் நகரத்தில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பஸ்ஸுக்குள் 1.5 டன் ஃப்ளைவீலை வைத்து, ஸ்டாப்பில் மின்சாரத்தால் அதைச் சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் சேர்ந்த ஆற்றலை வைத்தே அடுத்த ஸ்டாப் வரை பஸ் ஓட்டினார்கள். ஜைரோபஸ் என்று பெயர். அங்கே கனம்தான் எரிபொருள். ஆக, கனம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. வண்டிக்கு என்ன வேலை என்றுதான் கேட்க வேண்டும்.

லேத்தில் சீவுவது பற்றி

இந்தப் பதிவை எழுதவைத்ததே இதுதான். மூவரில் ஒருவர் சொன்னார்: "புதுசு வாங்க ஏன் சார் காசு? பழசையே லேத்தில் கொடுத்து மூணு கிலோ எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார்."

தம்பி, கொஞ்சம் நில். 13 செ.மீ. ஆரமுள்ள ஃப்ளைவீல் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 294 கி.மீ. அந்த விளிம்பில் இருக்கும் ஒரே ஒரு கிராம் இரும்பைப் பிய்ந்துபோகாமல் பிடித்துவைக்கச் சுமார் 5 கிலோ எடையைத் தூக்கும் விசை வேண்டும். ஒரு கிராமுக்கு 5 கிலோ! முழு விளிம்புக்கும் எவ்வளவு என்று நீயே பெருக்கிக்கொள்.

கம்பெனி ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அவ்வளவு தாங்காது. வளையாமல் சட்டென்று உடையும். சுழற்சி செய்வது இழுக்கிற வேலையைத்தான். எங்கே எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டு வார்த்ததை, கணக்குத் தெரியாமல் சீவினால் ஒரு நாள் அது வெடிக்கும். அது இருக்கும் இடம் எது தெரியுமா? ஓட்டுபவரின் கால் பக்கம். வெளிநாட்டு ரேஸ்களில் மாற்று ஃப்ளைவீலுக்கு எஸ்.எஃப்.ஐ. 1.1 என்று தனித் தரச்சான்றே வைத்திருப்பது சும்மா இல்லை. அங்கே விற்கும் நல்ல லைட் வெயிட் ஃப்ளைவீல் வார்ப்பிரும்பைச் சீவியது அல்ல. அடித்து உருவாக்கிய எஃகு, அல்லது உரசும் இடத்தில் எஃகுத் தட்டு பதித்த அலுமினியம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், பட்டறை வைத்திருக்கும் நம் பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். கிளட்ச் மாற்றும்போது ஃப்ளைவீலின் முகத்தில் உள்ள கருகலையும் கோட்டையும் எடுக்க, கம்பெனி சொன்ன அளவுக்குள் லேசாக ஃபேசிங் பிடிப்பது வேறு. அது முறையான வேலை. எடை குறைக்க என்று கிலோக்கணக்கில் எடுப்பது வேறு.

"கம்பெனிக்காரன் சொன்னது வேதமா?"

இல்லைதான். கம்பெனி எல்லோருக்கும் பொதுவாக ஒரு நடுவழியைப் பார்த்துத்தான் எடையை முடிவு செய்கிறது. புதிதாக ஓட்டக் கற்றவரும் ஓட்ட வேண்டும், மலையிலும் ஏற வேண்டும், விலையும் கட்ட வேண்டும். உனக்கென்று தைத்த சட்டை இல்லை அது. ஆனால் அந்த நடுவழியில்தான் நம் குடும்பங்கள் போகின்றன.

கேட்ட மூவரில் ஒருவரின் கார் சனி, ஞாயிறுதான் அவர் கையில். மற்ற நாட்களில் ஊரில் அவர் அப்பா ஓட்டுகிறார். என் வயது மனிதர். வாரம் இரண்டு தடவை மனைவியைச் சிகிச்சைக்குக் கோவில்பட்டிக்குக் கூட்டிப்போகிறார். அறுவடைக் காலத்தில் பின்சீட்டை மடக்கி இரண்டு மூடை வற்றலும் ஏற்றுவார். அவர் அரை நூற்றாண்டாகப் பழகிய கிளட்ச் ஒரு நாள் காலையில் மாறிப்போனால் என்ன ஆகும்? நான்கு வழிச்சாலையைக் குறுக்கே கடக்கும் இடத்தில், எதிரே கண்டெய்னர் லாரி வரும்போது வண்டி ஆஃப் ஆனால்? மழை பெய்த கரிசல் தடத்தில் சக்கரம் வழுக்கும்போது, மெதுவாக, ஒரே சீராக ரேஸ் கொடுத்து நகர்த்த வேண்டிய இடத்தில் இன்ஜின் துள்ளினால்? முதல் கியரில் ஓர் ஆளை இறக்கிவிட்ட சுகம் மகனுக்கு. அதற்கான விலையைக் கொடுப்பது அப்பாவும் அம்மாவும்.

காரை யார் ஓட்டுகிறார்களோ, யார் உட்கார்ந்து போகிறார்களோ, அவர்களிடம் கேட்காமல் காரின் குணத்தை மாற்றக் கூடாது. என் கருத்தின் சாரமே இதுதான். மீதி எல்லாம் கணக்கு.

அந்தக் காசை என்ன செய்யலாம்?

ஆசை தப்பில்லை. காருக்குச் செலவு செய்யவே கூடாது என்று சொல்லவும் இல்லை. என் வரிசை இது:

1. முதலில் டயர். வயதைப் பாருங்கள், பட்டன் தேய்மானத்தைப் பாருங்கள். பிக்கப், பிரேக், வளைவு எல்லாம் ரோட்டைத் தொடுவது அந்த நாலு உள்ளங்கை அளவு ரப்பரில்தான்.

2. பிரேக் பேடும் பிரேக் ஆயிலும்.

3. ஏர் ஃபில்டர், பிளக். நம் ஊர்ப் புழுதிக்கு ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். "பிக்கப் இல்லை" என்ற பாதிப் புகார் இதிலேயே தீரும்.

4. கிளட்ச் தேய்ந்திருந்தால் நல்ல கிளட்ச் செட்.

5. இதற்குப் பிறகும் காசும் ஆசையும் மிச்சம் இருந்தால், முறையான ரேஸ் பயிற்சிக்குப் போய் ஒரு நாள் டிராக்கில் ஓட்டிப் பாருங்கள். ஓட்டுபவர் தேறினால் கார் தானாக வேகமாகும்.

அப்படியும் லைட் வெயிட்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், கிளட்ச் மாற்றும் சமயத்தில் செய்யுங்கள். எப்படியும் கியர் பாக்ஸை இறக்கத்தான் வேண்டும், கூலி மிச்சம். உங்கள் மாடலுக்கென்றே செய்த, தரச்சான்று உள்ள எஃகு ஃப்ளைவீல் வாங்குங்கள். பேலன்சிங் பார்க்காமல் மாட்டாதீர்கள். போல்ட் புதிதாக, டார்க் ரெஞ்ச் வைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். வாரண்டியும் இன்சூரன்சும் என்ன ஆகும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முக்கியமாக, அந்தக் காரை வீட்டில் வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

மெக்கானிக் பிள்ளைகளும், இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளும் என் கணக்கைச் சரிபார்த்து எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தயங்காமல் சொல்லுங்கள். வகுப்பில் எதிர்க்கேள்வி கேட்டவர்களைத்தான் எனக்கு இன்றும் பெயரோடு ஞாபகம் இருக்கிறது.

எல்லோரும் பார்த்து ஓட்டுங்கள். சீட் பெல்ட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சார்,
நாகலாபுரம்